ஓமந்தூர்ப் பக்கத்துத் தலை ஸ்கேன்கள்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், மணிலாக் கொல்லைகளும் சவுக்குத் தோப்புகளும் ஏரிப்பாசன வயல்களும் கலந்து கிடக்கும் பகுதியில் அமைந்த ஓமந்தூரும் அதன் சுற்றூர்களும், தலை சம்பந்தப்பட்ட நோய் எதுவானாலும் நெடுங்காலம் மூன்று திசைகளையே நம்பியிருந்தன. தெற்கே புதுச்சேரி ஜிப்மர், வடக்கே சென்னை அரசு பொது மருத்துவமனை, மேற்கே வந்தவாசி, ஆற்காடு வழியாகச் சென்றடையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவையே அந்தத் திசைகள். முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 2010 இல்தான். அதற்கு முந்தைய காலத்தில், வலிப்பு வந்த பிள்ளையையோ ஒரு பக்கம் விழுந்துபோன முதியவரையோ அழைத்துக்கொண்டு பேருந்தில் வந்திறங்கும் உறவினரின் கக்கத்தில், ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய காகித உறை ஒன்று இருக்கும். மழையில் நனையாமலும் கூட்டத்தில் மடங்காமலும் அதைக் காத்துக்கொண்டு வருவதே அந்தப் பயணத்தில் அவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது.

அத்தகைய உறைகளை 1990களின் தொடக்கம் முதல் பிரித்துப் பார்த்துவந்தவர் இக்கட்டுரையாளர். புதுச்சேரி வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் கதிரியல் பயின்று, பின்னர் திண்டிவனம், ஓமந்தூர், மரக்காணம் பக்கத்து நோயாளிகளின் படங்களைத் தொடர்ந்து வாசித்துவந்த அவரது அனுபவம் ஒரு கருத்தை உறுதிப்படுத்தியிருக்கிறது. தலைக்குள் ஒரு மாற்றம் இருப்பதைப் படம் காட்டிவிடும். அது இன்ன நோய் என்று சொல்வதற்கு, நோயாளி எந்த ஊர்க்காரர், என்ன செய்து பிழைப்பவர், சென்ற மாதம் அவருக்கு என்ன நேர்ந்தது என்பனவும் படத்தோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டும்.

ஓமந்தூர் என்ற பெயருக்கும் இத்துறைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் பிறந்தது 1895 பிப்ரவரியில், இந்த ஊரில். வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தது அதே ஆண்டு நவம்பரில். ரெட்டியாரின் பெயரைத் தாங்கிய சென்னை அரசினர் தோட்டத்தில், சட்டமன்றத்துக்கெனக் கட்டப்பட்ட கட்டடம் 2014 பிப்ரவரியில் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. நரம்பியலும் மூளை அறுவையும் அங்குள்ள துறைகள். ஓமந்தூரிலிருந்து ‘ஓமந்தூரார் ஆஸ்பத்திரி’க்குப் படத்தோடு பேருந்து ஏறுவோரும் அதன்பின் உண்டாயினர்.

எக்ஸ்-கதிர் கண்டறியப்பட்டதும் எலும்பு தெரிந்ததே ஒழிய, மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை தெரியவில்லை. மென்மையான திசுக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் கதிரைத் தடுப்பதால், சாதாரணப் படத்தில் அவற்றைப் பிரித்தறிய இயலாது. அதனால்தான் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1918 இல் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1927 இல் கழுத்துத் தமனி வழியே கதிரைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தி மூளையின் இரத்தக்குழாய்களைப் படமாக்கினார். 1950 இல் சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை அறுவையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியின் தலைமுறை, இந்த மறைமுகப் படங்களைக் கொண்டுதான் கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணித்தது. கட்டியைக் காணாமலே, அது எதைத் தள்ளியிருக்கிறது என்பதைக் கண்டு அதன் இடத்தைச் சொன்ன அந்தத் தலைமுறையின் பொறுமையும் துணிவும் இன்று கருவியின் முன் அமர்வோர் அறிந்திருக்க வேண்டியவை.

1971 அக்டோபர் 1 அன்று இலண்டனை அடுத்த விம்பிள்டனில், கோட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் ஒரு பெண் நோயாளியின் தலை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டபோது நிலைமை மாறியது. சி.டி. ஸ்கேன் என இன்று அனைவரும் அறிந்த இம்முறையில், எக்ஸ்-கதிர் பல கோணங்களிலிருந்து தலையை ஊடுருவிச் செல்ல, ஒவ்வொரு சிறு புள்ளியும் எவ்வளவு கதிரைத் தடுத்தது என்பதைக் கணினி கணக்கிட்டு எண்ணாக்குகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்கும் அந்த அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000. மூளையின் வெண்பகுதி 25 முதல் 30 வரை, சாம்பல் பகுதி 35 முதல் 40 வரை, புதிதாக உறைந்த இரத்தம் 60 முதல் 80 வரை. மூளையின் இரு பகுதிகளுக்கும் இடையிலான வேறுபாடு பத்து அலகு அளவே என்பதால், எண்பது அலகு அகலமுள்ள ஒரு குறுகிய இடைவெளியை மட்டும் தேர்ந்து, அதைக் கறுப்பிலிருந்து வெளுப்பு வரை விரித்துக் காட்டச் செய்து பார்ப்பது வழக்கம். இந்த இடைவெளியைச் சற்று மாற்றினாலே தெரிந்த நோய் மறையவும், மறைந்திருந்தது தெரியவும் கூடும். ஒளிப்பெட்டியில் மாட்டிய ஃபிலிமில், படமெடுத்தவர் தேர்ந்த இடைவெளியோடு வாசிப்பவர் நிறைவடைய வேண்டியிருந்தது. கணினித் திரை வந்த பிறகே அதை அவரே மாற்றிப் பார்க்க முடிந்தது.

பயிற்சிக் காலத்தில் இக்கட்டுரையாளருக்கு வாய்த்த ஆசிரியர், எந்தப் படத்தையும் ஓரத்திலிருந்து தொடங்கிப் பார்க்கப் பழக்கினார். கண் தானாகச் செல்லும் இடம் நடு. ஆகவே முதலில் மண்டையோடு, அதை ஒட்டிய இடைவெளி, மூளையின் மடிப்புகள், அதன்பின் உள்ளறைகள், கடைசியாக நடுக்கோடு என்ற வரிசையை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒன்றைக் கண்டுவிட்டதும் தேடுவதை நிறுத்திவிடும் இயல்பு தேர்ந்த கண்ணுக்கும் உண்டு என்பார் அவர். 2013 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் ஸ்கேனில் சிறு முடிச்சுகளைத் தேடிக்கொண்டிருந்த 24 கதிரியலாளர்களில் 20 பேர், அதே படத்தில் வேண்டுமென்றே செருகப்பட்டிருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அவர்களில் பலரின் பார்வை அந்த உருவத்தின் மீதே பட்டு நகர்ந்திருந்ததும் பதிவாகியிருந்தது. ஆசிரியர் வற்புறுத்திய வரிசையின் அருமை அப்போது மேலும் விளங்கியது.

அந்த வரிசைக்கு அடுத்தபடியாகக் கற்பிக்கப்பட்டது ஒப்புமை. மூளை ஏறத்தாழ ஒத்த இரு பாதிகளைக் கொண்டது. நலமுள்ள பாதியே நோயுற்ற பாதிக்கு அளவுகோல். வலப்பக்க மடிப்புகள் விரிந்திருக்க இடப்பக்கத்தவை நெருங்கியிருந்தால் இடப்பக்கம் வீங்கியிருக்கிறது. நடுக்கோடு ஒருபுறம் வளைந்திருந்தால் எதிர்ப்புறத்தில் ஏதோ தள்ளுகிறது. பக்கவாதம் வந்த சில மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. படத்தில் பெரிய மாற்றம் எதுவும் இராது. காதுக்கு மேலே உள்மடிந்து கிடக்கும் இன்சுலா என்னும் பகுதியின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் மங்கியிருப்பதே அடையாளமாகலாம். இரத்தக்கசிவு இல்லை என்பது உறுதியானால், நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பு உண்டு. அந்த நேரத்துக்குள் ஒரு மங்கலைக் கண்டுசொல்லும் திறன் இடம் வலம் பார்க்கும் பழக்கத்திலிருந்தே வருகிறது.

ஆயினும் இந்த அளவுகோல் முறிந்துபோகும் இடங்களே அனுபவத்தைச் சோதிப்பவை. ஓமந்தூருக்கு அருகிலிருந்து வந்த முதிய விவசாயி ஒருவரின் படம் அதற்கு எடுத்துக்காட்டு. சில வாரங்களாக நடை தளர்ந்து, பேச்சுக் குழம்பி, எந்நேரமும் உறங்கிக்கொண்டிருந்தவரை, “வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது” என்று சொல்லித்தான் வீட்டார் அழைத்து வந்தனர். படத்தில் கட்டி இல்லை, வெளுத்த இரத்தம் இல்லை, நடுக்கோடு நேராக இருந்தது, இடமும் வலமும் ஒத்திருந்தன. பயிற்சி மருத்துவர்கள் இயல்பான படம் என்று சொல்லவிருந்த நேரத்தில் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: “இவருக்கு வயசு என்ன?”

எழுபதைக் கடந்தவரின் மூளை சற்றுச் சுருங்கி, மடிப்புகளுக்கிடையே நீர் நிறைந்த வெளிகள் அகன்று தெரிய வேண்டும். இவர் படத்திலோ மடிப்புகளே தெரியவில்லை. உள்ளறைகள் இளைஞர் ஒருவரின் மூளையில் உள்ளவைபோல் ஒடுங்கியிருந்தன. இரு பக்கமும் மூளைக்கும் டியூரா என்னும் கடின உறைக்கும் இடையே இரத்தம் தேங்கி நின்றதே காரணம். முதுமையில் மூளை சுருங்கும்போது அதிலிருந்து உறைக்குச் செல்லும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்பதால், லேசாக அடிபட்டாலும் அவை கிழிந்து கசியும். புதிய இரத்தம் வெளுப்பாகத் தெரிய, இரண்டு மூன்று வாரங்களில் ஹீமோகுளோபின் சிதைந்து அது மூளையின் நிறத்தையே அடைந்துவிடும். இருபுறமும் சம அளவில் தேங்கினால் நடுக்கோடும் நகராது. பம்புசெட் அறையின் தாழ்ந்த வாசற்படியில் தலையை இடித்துக்கொண்டது, மீண்டும் மீண்டும் கேட்ட பிறகே மருமகளின் நினைவுக்கு வந்தது. மண்டையோட்டில் துளையிட்டு இரத்தம் வடிக்கப்பட்டபின் அவர் தம் வயலைப் பற்றிப் பேசத் தொடங்கினார் என்று அறுவைப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. முதுமை என்று விட்டுவிட்டால் இழந்திருக்கக்கூடிய ஒருவரை மீட்டது அந்த ஒரு கேள்விதான் என்பதில் அன்று அங்கிருந்த எவருக்கும் ஐயமில்லை.

இவ்வட்டாரப் படங்களில் நீண்ட காலம் மிகுந்த குழப்பத்தை விளைவித்தது ஒரு சிறு வளையம். இளம் வயதினர் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வரும். பெரும்பாலும் ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ முதலில் வெட்டி வெட்டி இழுக்கும். மற்ற வேளைகளில் அவருக்குக் குறை எதுவும் இராது. அயோடின் கலந்த மருந்தைச் சிரையில் செலுத்தி எடுத்த சி.டி. படத்தில், மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் அளவில் வெளுத்த வளையம் ஒன்றும், அதைச் சூழ்ந்து நீர்கோத்த கருமையும் தெரியும். இயல்பான மூளையில் இரத்தக்குழாய்ச் சுவர்கள் அம்மருந்தை வெளியே விடுவதில்லை. அந்தத் தடுப்பு உடைந்த இடத்தில் மட்டுமே அது கசிந்து வெளுப்பாகத் தெரியும். ஆகவே அங்கே அழற்சி இருக்கிறது என்பது உறுதி. எதனால் வந்த அழற்சி என்பதே வினா.

1980களில் அதற்குப் பெரும்பாலோர் சொன்ன விடை காசநோய்க் கட்டி என்பதே. அதற்கு நியாயமும் இருந்தது. இந்திய நகரங்களின் மூளை அறுவைப் பிரிவுகளில் காசநோய்க் கட்டிகள் கணிசமான பங்கு வகித்தன. 1961 இலேயே ராமமூர்த்தியும் எம். ஜி. வரதராஜனும் அவற்றைக் கண்டறியும் முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்தனர். ஆகவே வளையம் தெரிந்த பிள்ளைகளுக்குக் காசநோய் மாத்திரைகள் பல மாதங்கள் கொடுக்கப்பட்டன. வளையம் மறைந்ததும் மருந்து வேலை செய்தது என்று முடிவுகட்டப்பட்டது. ஆனால் வலிப்பு மாத்திரை மட்டுமே எடுத்துக்கொண்டவர்களிடமும் அதே வளையம் மறைவதை 1985 இல் பி. கே. சேத்தியும் குழுவினரும் எழுதியபோது, மறைந்தது மருந்தால்தானா என்ற ஐயம் வலுத்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்ததில் பெரும்பங்கு இவ்வட்டாரத்துக்கு மிக அருகிலேயே நடந்த வேலைக்கு உரியது. வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு, இத்தகைய சிறு கட்டிகளை அறுவை மூலம் எடுத்துத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, காசநோய்க்குப் பதிலாகப் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூட்டையும் அதைச் சூழ்ந்த அழற்சியையும் கண்டது. 1989 இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அச்சிறு கட்டுரையின் நகல், புதுச்சேரியில் படம் பார்க்கும் அறையின் மேசைக் கண்ணாடிக்கடியில் நெடுநாள் இருந்தது. 1993 இல் அதே குழு, இரண்டையும் பிரித்தறிவதற்கான அளவைகளையும் வகுத்தது. இரண்டு சென்டிமீட்டருக்குட்பட்ட அளவு, சீரான விளிம்பு, நகராத நடுக்கோடு, படிப்படியாக மோசமாகாத நோயாளி ஆகியவை சேர்ந்திருந்தால் அது புழுக்கூடாகவே இருக்கக்கூடும். அதைவிடப் பெரியதாய், ஒழுங்கற்ற விளிம்போடு, நடுக்கோட்டைத் தள்ளி, நாளுக்கு நாள் பலவீனத்தைக் கூட்டுவதாயின் காசநோயை எண்ண வேண்டும். இந்த அளவைகளில் மூன்று படத்திலும் ஒன்று நோயாளியிடமும் இருப்பதைக் கவனிப்பது தகும்.

அக்காலத்தில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியின் உறையில், சில மாத இடைவெளியில் எடுத்த இரு படங்கள் இருந்தன. முதற்படத்தில் இடப்பக்க மூளையின் மேற்பரப்பில் வளையம். இரண்டாவதில் அது இல்லை. இடைப்பட்ட மாதங்களில் வேறோர் இடத்தில் காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு, கண் மஞ்சளித்து, நிறுத்தப்பட்டிருந்தது. உடல் வேதனையைவிட ‘டி.பி.’ என்ற சொல் அந்த வீட்டை அதிகம் வருத்தியிருந்தது. சிறுமியின் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்திருந்ததாகவும், நாளை இவளைக் கட்டிக்கொடுப்பது எப்படி என்று பாட்டி அழுததாகவும் தந்தை சொன்னார். புழுவின் கூடு என்று விளக்கியபோது அவர் முகத்தில் நிம்மதியும் திகைப்பும் சேர்ந்தே தெரிந்தன. “நாங்க கறியே சாப்பிடறதில்லீங்க டாக்டர், அப்புறம் எப்படிங்க புழு வரும்?” என்று கேட்டார்.

அக்கேள்வி இன்றும் பல வீடுகளில் கேட்கப்படுவதால் விடை விரிவாகச் சொல்லத்தக்கது. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள புழுக்கூட்டை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்கு மூளையில் ஒன்றும் நேர வேண்டியதில்லை. அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டைகள், திறந்தவெளி வழியாக நீருக்கும் கீரைக்கும், கழுவாத கை வழியாகச் சோற்றுக்கும் வந்து சேரும்போது, அவற்றை விழுங்குபவர் எவராயினும், சைவ உணவினராயினும், முட்டை குடலில் பொரிந்து இரத்தத்தில் கலந்து மூளையை அடையக்கூடும். உயிரோடிருக்கும்வரை அக்கூடு நீர்ப்பையாக, ஓரத்தில் புழுத்தலை ஒரு புள்ளியாகத் தெரியக் கிடந்து, பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அது இறக்கத் தொடங்கும்போது உடலின் எதிர்ப்பு விழித்துக்கொள்ள, வளையம் தோன்றுகிறது, வலிப்பும் வருகிறது. பின்னர் அது சுருங்கி மறையும், அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக நிலைத்துவிடும். புழுக்கொல்லியான அல்பெண்டசோலும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும், வலிப்பு மாத்திரையோடு, இன்றைய மருத்துவம். நாடாப்புழுவைச் சுமப்பவர் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கிறாரா என்று பார்ப்பதும் அதன் பகுதியே. வேலூர் மாவட்டத்தில் ராஜசேகர் குழுவினர் நடத்தி 2006 இல் வெளியிட்ட கள ஆய்வில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நால்வர் வலிப்பு நோயுடையோராக இருந்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணமாகக் காணப்பட்டது. கழிப்பறையும் கைகழுவும் நீரும் இருந்தால் தடுக்கக்கூடிய வலிப்பு இது என்னும் உண்மை, படம் பார்க்கும் இருண்ட அறையில் அமர்ந்திருப்பவரையும் சுடவே செய்யும்.

இரு பக்கமும் ஒத்திருக்கும் கேடு பற்றி மேலே சொல்லப்பட்டது. அதன் கொடிய வடிவம் சாராயத்தோடு வருகிறது. சாராயத்தில் கலந்த மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடுகிறது. கண் நரம்பும், மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் புட்டமென் என்ற பகுதியும் அதற்கு முதலில் பலியாகின்றன. சி.டி. படத்தில் இரு புட்டமென்களும் சமமாகக் கறுத்து, சில வேளை நடுவே இரத்தம் கசிந்து தெரியும்; இடத்தை வலத்தோடு ஒப்பிட்டுப் பழகிய கண் இதனை எளிதில் கடந்துபோகும். நினைவிழந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளி ஒருவருக்கு, “காய்ச்சல்ல கிடந்தாரு” என்று மட்டும் உடன்வந்தோர் சொல்லியிருந்தனர். படத்தைப் பார்த்து, அவர் என்ன குடித்தார் என்று தனியே அழைத்துக் கேட்டபோது, போலீசுக்குச் சொல்லமாட்டோம் என்ற உறுதி பெற்ற பிறகே மனைவி உண்மையைச் சொன்னார். அன்று அவரோடு குடித்த இன்னும் இருவர் கண் மங்கலாகத் தெரிவதாகச் சொல்லி வீட்டிலேயே படுத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்து, ஆள் அனுப்பி அழைத்துவரப்பட்டனர். முறிமருந்தாக எத்தனாலோ ஃபோமெபிசோலோ கொடுத்து, டயாலிசிஸ் செய்வதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் பத்துக்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் முன்பு விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் அறுபதுக்கு மேற்பட்டோரும் இவ்வாறு மாண்டபோது, அந்தப் பழைய படமும் அந்த மனைவியின் தயக்கமும் இக்கட்டுரையாளரின் நினைவில் எழுந்தன. அச்சத்தால் மறைக்கப்படும் செய்தி மருந்துக்குரிய நேரத்தைத் தின்றுவிடுகிறது.

1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் வசதியைப் பரவலாக்கியது பெரும் நன்மை. காந்தப் புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் எழுப்பும் சமிக்ஞையைக் கொண்டு படமாக்கும் எம்.ஆர்.ஐ., வளையத்துக்குள் புழுத்தலையையும், தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே பக்கவாதத்தையும் காட்டுகிறது. இன்று படம் எடுக்கும் இடம் ஒன்று, வாசிப்பவர் இருக்கும் இடம் வேறு. இணையம் வழியே படம் நொடியில் சென்றுவிடுகிறது. ஆனால் படத்தோடு செல்லும் கோரிக்கைச் சீட்டில் ‘வலிப்பு’, ‘மயக்கம்’ என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருப்பது பெருகியிருக்கிறது. முன்பு காகித உறையைச் சுமந்து வந்த உறவினர் எதிரில் நின்றார். வாசற்படியில் இடித்துக்கொண்டதையும் கண் மஞ்சளித்ததையும் அவரிடமிருந்தே அறிய முடிந்தது. அவர் வராத நிலையில், அவர் சொல்லக்கூடியதைச் சீட்டில் எழுதி அனுப்பும் கடமை நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவருக்கு இருக்கிறது. வயது, வலிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எத்தனை நாளாக, அடிபட்டதா, குடித்தாரா, வீட்டில் காசநோய் உண்டா என்ற விவரங்களை எழுத இரண்டு வரி போதும். அவை இல்லாமல் வரும் ஓமந்தூர்ப் பக்கத்துப் படங்களுக்கு அறிக்கை எழுதுமுன், சீட்டில் கையெழுத்திட்ட மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளியின் வீட்டாரிடம் கேட்டுச் சொல்லும்வரை காத்திருப்பதை இக்கட்டுரையாளர் இன்றும் கைவிடவில்லை.